வெள்ளிப் பேழையும் கல்லறையில்லா அரசனும்

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் நல்லூரில் முடிந்தது என்று பாடசாலையில் படித்தோம். பரீட்சைக்கு அந்த ஓர் ஆண்டு போதுமாக இருந்தது. ஆனால் அந்த இராச்சியத்தின் கடைசி அரசனான இரண்டாம் சங்கிலி இறந்தது நல்லூரில் அல்ல. போர்த்துக்கீசர் அவனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விசாரித்து, அங்கேயே மரண தண்டனை கொடுத்தார்கள். அவனுக்கு இன்று காட்டுவதற்கு ஒரு கல்லறை இல்லை. அதே கோவாவில் இன்னொரு மனிதரின் உடல் 1554இலிருந்து இன்றுவரை காக்கப்பட்டு வருகிறது. அவர் புனித பிரான்சிஸ் சவேரியார். எமது வரலாற்றில் இந்த இரண்டு பெயர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஆனால் நாம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது குறைவு. எம்மில் ஒரு சாரார் பேழையை வணங்குகிறோம், இன்னொரு சாரார் அரசனுக்குச் சிலை வைக்கிறோம். ஒரு சாராரின் கதையை மற்றச் சாரார் காது கொடுத்துக் கேட்பதில்லை.

பழைய கோவாவுக்கு நாம் இருவர் போயிருந்தோம். இருவரும் பாரிசில் ஒரே ரெஸ்ரோறன்றின் குசினியில் வேலை செய்பவர்கள். ஒருவர் மன்னார்த் தீவைச் சேர்ந்த கத்தோலிக்கர், மற்றவர் நல்லூர்ப் பக்கத்துச் சைவர். எமது அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறது. ஆகவே ஊரிலுள்ளவர்களைப் பார்ப்பதென்றால் அவர்கள் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும், நாமும் அங்கே போகவேண்டும். அப்படிப் போன ஒரு தடவை, திரும்புவதற்கு முன் மிஞ்சிய நாலு நாளில் றெயில் ஏறி மேற்குக் கரைக்குப் போனோம். ஒருவருக்கு அது யாத்திரை. மற்றவருக்குத் தன் ஊரின் கடைசி அரசன் செத்த ஊரைப் பார்க்கும் ஆவல்.

பனாஜியிலிருந்து பழைய கோவா பத்துக் கிலோமீற்றர் தூரம். மண்டோவி ஆற்றை ஒட்டிய வீதியில் பஸ் போகிறது. ஆபிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கிச் சீனக் கரையின் மக்காவோ வரை பரந்திருந்த போர்த்துக்கீச ஆதிக்கத்துக்கு ஒருகாலம் இதுவே தலைநகர். கொள்ளை நோய்கள் மாறிமாறி வர மக்கள் நகரை விட்டுப் போனார்கள். இன்று தேவாலயங்களும் தென்னைகளும் புற்றரைகளுமே மிஞ்சியிருக்கின்றன. பொம் ஜேசு ஆலயம் வீதியின் ஒரு பக்கம், சே பேராலயம் மற்றப் பக்கம். பொம் ஜேசுவுக்கு 1594இல் அத்திவாரக் கல் வைத்தார்கள், 1605இல் அதை அபிஷேகம் செய்தார்கள். செம்புறைக் கல்லாலான கட்டடம். மேலே பூசியிருந்த சுண்ணாம்புச் சாந்தை 1950களில் உரித்துவிட்டபடியால் சுவர்கள் இன்று தோலுரித்த இறைச்சி நிறத்தில் நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் பொன் பூசிய பெரிய பீடம். அதற்கு வலப்புறத்துச் சிற்றாலயத்தில்தான் சவேரியாரின் உடல் இருக்கிறது.

கீழே பளிங்கு மேடை. இத்தாலியின் தொஸ்கானாப் பிரபு மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி கொடுத்த காணிக்கை அது. புளோரன்ஸ் நகரத்துச் சிற்பி போஜினி செய்தது, 1698இல் கோவாவில் பொருத்தப்பட்டது. அதன் உச்சியில் வெள்ளிப் பேழை. அது கோவாவின் தட்டார்கள் 1636-37இல் செய்த வேலை, புனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் 32 வெள்ளித் தகடுகள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. பேழை உயரத்தில் இருப்பதால் கீழே நிற்பவனுக்கு உள்ளே இருப்பது நிழல்போலவே தெரியும். பத்தாண்டுக்கு ஒருமுறை மாத்திரம் உடலைக் கீழே இறக்கி, எதிரிலுள்ள சே பேராலயத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கடைசியாக வைத்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. நாம் போனது அதற்கு முந்திய ஒரு சாதாரண நாளில். எம்மில் ஒருவர் முழந்தாளிட்டார். மற்றவர் தூணோரம் நின்றார்.

அந்தப் பேழைக்குள் இருப்பவர் எம்மைப்போல் பாரிசில் சில காலம் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1506இல் ஸ்பெயினின் நவாரா நாட்டில், குடும்பக் கோட்டையில் பிறந்தவர். அந்தக் குடும்பம் போரில் தோற்ற பக்கம் நின்றது, கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. 1525இல் பாரிசுக்குப் படிக்கப்போய் சாந் பார்ப் கல்லூரியில் தங்கினார். அங்கே இஞ்ஞாசியாரைச் சந்தித்தார். 1534 ஆகஸ்ட் 15இல் ஏழு நண்பர்கள் மொன்மார்த் குன்றின் சிற்றாலயம் ஒன்றில் எடுத்த வாக்குறுதியிலிருந்தே பின்னாளில் இயேசு சபை பிறந்தது. எம்மவரின் கடைகள் நிறைந்த லா சப்பல் வீதியிலிருந்து அந்தக் குன்றுக்கு நடந்தே போய்விடலாம். எம்மவரில் பலர் வாரத்துக்கு ஒரு தடவையேனும் அதன் அடிவாரத்தைக் கடந்து வேலைக்குப் போகிறோம்.

1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து கப்பலேறியவர் 1542 மே 6இல் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். பரதவர் 1530களின் நடுப்பகுதியில் ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். கடலில் தமக்குப் போட்டியாயிருந்தவர்களிடமிருந்து போர்த்துக்கீசரின் பாதுகாப்பைத் தேடி அவர்கள் செய்த ஏற்பாடு அது. ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஆளில்லை. சவேரியார் இரு மொழியும் அறிந்தவர்களை இருத்திச் செபங்களைத் தமிழாக்குவித்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதாக 1544இல் றோமிலிருந்த தோழர்களுக்கு எழுதினார். அவர் தொடங்கியதை என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் தொடர்ந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய வேலை. தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய நூல் அதுதான். அதற்கான எழுத்துக்களில் ஒரு பகுதி 1577இல் கோவாவில் வார்க்கப்பட்டது. தமிழ் எழுத்தை ஈயத்தில் முதலில் வார்த்ததும் இந்த ஊரிலேதான்.

சவேரியாரைப் பற்றி எமக்கு மிகவும் நெருக்கமான சம்பவம் ஒன்று 1544 ஜூனில் நடந்தது. விஜயநகரத்து வடுகப் படை கன்னியாகுமரிக் கரையில் புகுந்தபோது, பரதவர் ஊர்களை விட்டு ஓடிக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி உயிர் தப்பினார்கள். பசியாலும் தாகத்தாலும் அங்கே பலர் செத்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். எதிர்க் காற்று அவரை எட்டு நாள் கடலில் மறித்தது. போய்ச்சேர முடியாமல் திரும்பினார், பிறகு தரை வழியாக நடந்துபோனார். இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே கடிதங்களில், தம் மதத்தவனான தூத்துக்குடிப் போர்த்துக்கீசக் கப்பித்தானின் அட்டூழியங்களையும் கண்டித்திருக்கிறார். முற்றுகைக்குள் கிடந்து சாப்பாட்டுக் கப்பலுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த எமது சனங்களுக்கு இருபது தோணிகளின் பெறுமதி தெரியும்.

அந்த ஆண்டிலேயே மன்னாரும் வருகிறது. மன்னார்த் தீவின் மக்கள் தமக்கும் திருமுழுக்குத் தரும்படி சவேரியாருக்கு ஆளனுப்பினார்கள். தாம் வரமுடியாதபடியால் அவர் வேறொரு குருவை அனுப்பினார். பதிம் என்று போர்த்துக்கீசர் எழுதிய ஊரிலே பலர் மதம் மாறினார்கள். அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்டவன் முதலாம் சங்கிலி. மன்னார் அவனது ஆட்சிக்குட்பட்ட தீவு, முத்துச் சலாபத்தை ஒட்டிய வருமானமுள்ள தீவு. முத்துக்குளித்துறையில் நடந்ததை அவன் பார்த்திருந்தான். அங்கே ஞானஸ்நானம் பெற்றவன் போர்த்துக்கல் அரசனின் குடியாகிவிட்டான். ஆகவே சங்கிலியின் கண்ணுக்கு இது அரசத் துரோகம். ஆள் அனுப்பினான், மதம் மாறியவர்கள் கொல்லப்பட்டார்கள். இயேசு சபை நூல்கள் தரும் தொகை 600 முதல் 700 வரை. பெண்களும் குழந்தைகளும் அதற்குள் அடக்கம்.

செய்தி கேட்ட சவேரியார் படை கேட்டார். யாழ்ப்பாணத்து அரசனைத் தண்டிக்கவேண்டும் என்று போர்த்துக்கீசத் தேசாதிபதியிடம் முறையிட்டார். சங்கிலியின் உடன்பிறந்தான் ஒருவன் போர்த்துக்கீசரிடம் தஞ்சமடைந்து, முடியைத் தனக்குத் தந்தால் மதம் மாறுவதாகவும் சொல்லியிருந்தான். 1545இல் படை திரட்ட நாகபட்டினத்தைக் குறித்தார்கள். சவேரியார் அங்கே போய்க் காத்திருந்தார். அந்த நேரம் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, சரக்கு சங்கிலியின் கையில் சிக்கிவிட்டது. சரக்கைத் திருப்பி வாங்கும்வரை சண்டை வேண்டாமென்று கப்பித்தான்மார் இருந்துவிட்டார்கள். படையெடுப்பு அதோடு நின்றது. 600 பேரின் இரத்தத்தைவிட ஒரு கப்பல் சரக்கு பெரிதாய்ப் போன கதையை மனம் கசந்து தமது கடிதத்திலே எழுதிவிட்டு, சவேரியார் மயிலாப்பூருக்கும் பிறகு மலாக்காவுக்கும் போனார்.

1552 டிசம்பர் 3இல் சீனக் கரைக்கு அருகே சாஞ்சியன் தீவில் காய்ச்சலில் இறந்தார். அன்தோனியோ என்ற சீன இளைஞனே பக்கத்திலிருந்து பார்த்தவன். எலும்பை விரைவில் எடுத்துப் போகலாம் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். 1553 பெப்ரவரியில் தோண்டியபோது உடல் கெடாமல் இருந்ததாம். மலாக்காவுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில்லாமல் மண்ணில் புதைத்து, மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் கெடவில்லை. 1554 மார்ச்சில் கோவா நகரமே திரண்டு அதை வரவேற்றது. குசினியில் நிற்பவர்கள் நாம். இறைச்சி வெளியில் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதை மூக்கால் அறிவோம். எம்மில் ஒருவர் அதை அற்புதம் என்கிறார். மற்றவர் உப்புக் காற்றையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசுகிறார். அந்த வழக்கைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஓர் உடலைக் காப்பதென்று ஒரு நகரமும் ஒரு சபையும் ஓர் அரசும் தீர்மானித்துவிட்டால் அதற்கு எவ்வளவு வெள்ளியும் பளிங்கும் காவலும் செலவழியும் என்பதையே நாம் அங்கே கண்டோம்.

காத்த அவர்களே வெட்டியும் கொடுத்தார்கள். 1614இல் இயேசு சபைத் தலைவரின் கட்டளைப்படி வலது முன்கை துண்டிக்கப்பட்டு றோமிலுள்ள ஜெசு ஆலயத்துக்குப் போனது. முத்துக்குளித்துறையில் ஓய்ந்துபோனது என்று அவர் எழுதிய அந்தத் திருமுழுக்குக் கை அதுவே. 2018 ஜனவரியில் அது கனடாவுக்கு வந்து நகரம் நகரமாகப் போனது. விமானத்திலே அதற்கென்று தனி இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். ரொறன்ரோவில் வரிசையில் நின்று அதைத் தரிசித்தவர்களுக்குள் எம்மவரும் இருந்திருப்பர். கொள்கலனுக்குள்ளும் கப்பலடியிலும் ஒளிந்து எல்லை கடந்தவர்கள், தனி இருக்கையில் வந்த ஒரு கையின் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்க்கிறோம். பரிகாசமாகச் சொல்லவில்லை. அந்தக் கை எமது கரையில் உழைத்த கை.

இனி, காக்கப்படாதவற்றுக்கு வருவோம்.

1545இல் நின்ற படையெடுப்பு 1560இல் நடந்தது. கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிரகான்சா தானே கப்பல்களுடன் வந்து நல்லூரைப் பிடித்தான். பிடித்ததை வைத்திருக்க முடியாமல் பின்வாங்கி, மன்னாரில் கோட்டை கட்டினான். போகும்போது கொண்டுபோன கொள்ளைக்குள் ஒரு பல் இருந்தது. அது புத்தரின் தந்தம் என்று நம்பப்பட்டது. பெகு அரசன் அதை மீட்கப் பெருந்தொகை தருவதாகக் கோவாவுக்குத் தூதனுப்பினான். கப்பித்தான்மார் பணத்தை வாங்கலாம் என்றார்கள். பேராயர் மறுத்தார். 1561இல் அரசப் பிரதிநிதியும் பிரதானிகளும் பார்த்திருக்க, பேராயர் அந்தப் பல்லை உரலில் இட்டு இடித்து, நெருப்பில் எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார். அது உண்மைத் தந்தமல்ல, உண்மையானது தம்மிடமே இருக்கிறது என்பது பௌத்தர்களின் உறுதி. கண்டியில் இன்றும் அதற்குப் பெரஹரா நடக்கிறது.

சவேரியாரின் உடலை ஊர்கூடி வரவேற்று ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு புனிதரின் உடலைத் தொட்டு முத்தமிட்ட அதே நகரம், இன்னொரு மதத்தவரின் புனிதப் பல்லை இடித்துத் தூளாக்கியது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே நம்பிக்கையோடுதான் செய்தார்கள். இறந்தவரின் உடலில் வல்லமை இருக்கிறது என்று நம்பியபடியால்தான் ஒன்றைக் காத்தார்கள், மற்றதை அழித்தார்கள். வெறும் எலும்பென்று நினைத்திருந்தால் பெகு அரசனின் பணத்தை வாங்கியிருப்பார்கள். இந்த இழுபறி இன்றும் ஓயவில்லை. பொம் ஜேசுவில் இருப்பது சவேரியாரின் உடலே அல்ல, தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரரின் உடல் என்று சொல்லும் சிங்கள பௌத்தர் சிலர் இருக்கிறார்கள். திருச்சபை அதை மறுக்கிறது.

பிறகு 1619. ஜூன் மாதம் பிலிப்பே தெ ஒலிவேரா நல்லூரைப் பிடித்தான். தப்பியோட முயன்ற இரண்டாம் சங்கிலி பிடிபட்டுக் கோவாவுக்கு அனுப்பப்பட்டான். அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. சாவதற்கு முன் அவன் திருமுழுக்குப் பெற்றான் என்று, கோவாவிலேயே வாழ்ந்து 1680களில் இலங்கை வரலாற்றை எழுதிய கெய்றோஸ் பாதிரியார் கூறுகிறார். அதே 1619 அக்டோபரில் றோமிலே பாப்பரசர் சவேரியாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1622 மார்ச் 12இல் அவர் புனிதரானார். அந்த ஆண்டுகளில் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தள்ளினான். 1624இல் சவேரியாரின் உடல் பொம் ஜேசு ஆலயத்துக்கு வந்தது. ஐந்தாறு ஆண்டுக்குள் எமது அரசும் அரசனும் கோயிலும் போய்விட்டன, பேழைக்கு இடம் கிடைத்தது.

நாம் சே பேராலயத்திலும் பார்த்தோம், பொம் ஜேசுவின் அறிவிப்புப் பலகைகளிலும் பார்த்தோம், சவேரியாரின் உடல் முதலில் இருந்த புனித பவுல் கல்லூரியில் மிஞ்சி நிற்கும் ஒற்றை வாசலடியிலும் போய் நின்றோம். யாழ்ப்பாணம் என்ற சொல்லை எங்கும் காணவில்லை.

ஆனால் பழைய கோவாவில் மண்ணுக்குள் தொலைந்துபோன ஓர் அரச குடும்பத்து எலும்பு தேடி எடுக்கப்பட்டிருக்கிறது. பொம் ஜேசுவுக்கு மேற்கே குன்றில் புனித அகுஸ்தீனார் ஆலயத்தின் இடிந்த கோபுரம் நிற்கிறது. ஜோர்ஜிய நாட்டின் அரசி கெத்தவான் 1624இல் பாரசீகத்தில், மதம் மாற மறுத்தபடியால் கொல்லப்பட்டாள். அவளது எலும்புகளில் ஒரு பகுதியை அகுஸ்தீனார் சபைத் துறவிகள் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆலயம் இடிந்து எல்லாம் மண்ணுக்குள் போனது. ஜோர்ஜியர் விடாமல் கேட்டார்கள். அகழ்வாராய்ச்சியில் கைஎலும்பொன்று கிடைத்தது. அது ஜோர்ஜியரின் மரபணு வகையோடு பொருந்துகிறது என்று 2013இல் இந்திய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 2021 ஜூலையில் அதன் ஒரு பகுதியை இந்திய அரசு ஜோர்ஜியாவிடம் கையளித்தது. மிகச் சிறிய நாடு அது. ஆனால் கேட்பதற்கு அதற்கு ஓர் அரசு இருந்தது. அந்தக் கோபுரத்தடியில் நாம் இருவரும் நெடுநேரம் பேசாமல் இருந்தோம்.

இந்தக் கதையில் எமது வீட்டுக்குள் தீர்க்கவேண்டிய கணக்கொன்றும் இருக்கிறது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை', மன்னாரில் கொலை செய்தவனையும் போர்த்துக்கீசரிடம் தோற்றவனையும் ஒரே சங்கிலியாக்கிவிட்டது. இரண்டுக்கும் இடையில் 75 ஆண்டுகள். ஆனால் ஒருவனாக்கிவிட்டால் இரண்டு பக்கத்தாருக்கும் கதை வசதியாகிறது. மன்னார்ப் பக்கத்தில் வளர்ந்தவர் கேட்ட கதையில், வேதசாட்சிகளைக் கொன்றவனே கடைசியில் தலையை இழந்தான். செய்த பாவத்துக்குக் கூலி. நல்லூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர் கேட்ட கதையில், அந்நியனுக்குப் பணியாத வீரனொருவன் கடைசிவரை நின்று செத்தான். பதிம் ஊரின் 600 பேர் அதில் ஒரு வரி, அதுவும் 'காட்டிக்கொடுத்தவர்கள்' என்ற சொல்லோடு. முத்திரைச் சந்தியில் சங்கிலியன் வாளோடு குதிரையில் இருக்கிறான். மன்னார் தோட்டவெளியில் வேதசாட்சிகளுக்கு ஆலயம் இருக்கிறது. இரண்டும் எமது மண்ணிலே, ஒரு நாளில் பஸ்சில் போய் வரக்கூடிய தூரத்தில்.

'காட்டிக்கொடுத்தவர்கள்' என்ற சொல்லைப் பற்றி எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. எமது காலத்திலும் அந்தச் சொல் மின்கம்பங்களில் எழுதித் தொங்கவிடப்பட்டது. 1544இல் மன்னாரில் இறந்த குழந்தைக்குப் போர்த்துக்கல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அரசன் தன் நாட்டைக் காக்க நினைத்தான் என்பதும் உண்மை, அதற்காகத் தன் குடிகளையே வெட்டினான் என்பதும் உண்மை. சவேரியார் பாறையில் தவித்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு ஓடினார் என்பதும் உண்மை, எமது நாட்டின்மேல் படையெடுக்கச் சொன்னார் என்பதும், 1546இல் கோவாவுக்கு மதவிசாரணை மன்றம் வேண்டுமென்று போர்த்துக்கல் அரசனுக்கு எழுதினார் என்பதும் உண்மை. அந்த மன்றம் 1560இல் வந்து 1812வரை இருந்தது. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை விழுங்கிவிடுகிற பழக்கத்தோடு எழுதினால் அது வரலாறாகாது, கட்சிப் பிரசுரமாகும்.

மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக 2018இல் நிலம் தோண்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் 300ஐத் தாண்டின, சிறுவர்களினுடையவையும் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வெளியே காத்திருந்தார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை முடிவு வந்தது. ஆறு மாதிரிகளும் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. காத்திருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கால எல்லைக்குள் 1544உம் விழுகிறது, 1560உம் விழுகிறது, 1619உம் விழுகிறது. 2025இல் செம்மணியில் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அதற்குள் ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் இருந்தது. அதற்குக் காபன் பரிசோதனை தேவைப்படவில்லை. 2009க்குப் பின் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் கிளறப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. 1561இல் பேராயர் உரலில் இடித்தபோது எதை நம்பினாரோ, அதையே அந்தப் புல்டோசரை அனுப்பியவர்களும் நம்பினார்கள்.

பொம் ஜேசுவில் ஓர் உடலை 400 ஆண்டு காத்தவர்கள்மீது எமக்குப் பொறாமை வரவில்லை என்றால் அது பொய். ஆனால் அந்தப் பேழையை வணங்குகிற கோவா மக்களைப் பார்த்தபோது வேறொன்றும் விளங்கியது. போர்த்துக்கீசர் 1961இல் போய்விட்டார்கள். உடலைக் கொண்டுவந்த அரசு இல்லை, உடல் இருக்கிறது. இப்போது அதைக் காப்பது வெள்ளியுமல்ல, படையுமல்ல. கோவாக்காரர் அவரைத் தங்கள் ஊரின் தகப்பனாகவே நினைக்கிறார்கள். எம்மோடு வரிசையில் நின்ற வயதான பெண் கொங்கணியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, வீட்டில் உள்ள ஒருவரிடம் பேசுவதுபோலப் பேழையைப் பார்த்துப் பேசினாள். எமது பக்கத்திலும் அவர் அப்படித்தான். கோட்டாற்றில் அவருக்கு ஆண்டுதோறும் பத்து நாள் திருவிழா, மன்னாரில் அவர் பெயரில் கல்லூரி, வீட்டுக்கு வீடு சவரிமுத்துக்கள். பெயரை வைத்துக் கூப்பிட ஆட்கள் இருக்கும்வரை இறந்தவருக்கு இடம் இருக்கிறது.

ஆகவே சங்கிலிக்குக் கல்லறை தேடி நாம் கோவாவைத் தோண்டப் போவதில்லை. செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சனி ஞாயிறுகளில் நடக்கும் எமது தமிழ்ப் பாடசாலைகளில் யாழ்ப்பாண இராச்சியம் ஒரு பாடமாக இருக்கிறது. அந்தப் பாடத்தில் இரண்டு சங்கிலிகளையும் இரண்டு பேராகப் பிரித்துச் சொல்லவேண்டும். முதலாமவனின் வாளுக்குப் பலியான பதிம் ஊரவர்களை, எமது சனங்கள் என்று சொல்லிச் சேர்க்கவேண்டும். இரண்டாமவன் கடல் தாண்டிக் கோவாவில் செத்தான் என்ற வரியைச் சேர்க்கவேண்டும். இருபது தோணிகளையும் நாகபட்டினத்தில் கூடவிருந்த படையையும் அடுத்தடுத்து வைக்கவேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். யார் நல்லவர் என்று கேட்பார்கள். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே நாம் இருவரும் அதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைகளும் வாதாடட்டும்.